வெளிநாட்டில் வாடகைத்தாய் மூலம் பிறந்த குழந்தையோடு ஊர் திரும்பும் வரை: புதுச்சேரி, கடலூர் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாடகைத்தாய் மூலம் பிள்ளை பெற்றுக்கொள்ள வெளிநாடு போகிறவர்கள் கிளினிக் பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் செலவு பற்றியும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். பிறந்த பிறகு அந்த ஊரில் பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது, எப்போது கிளம்ப முடியும் என்று யாரும் சரியாகச் சொல்வதில்லை. நாங்கள் லாஸ்பேட்டைக்காரர்கள், எங்கள் மகள் ஜார்ஜியாவின் திபிலீசியில் பிறந்தாள். அதற்குப் பிறகு இதே வழியில் போன கடலூர், நெய்வேலி, காரைக்கால் குடும்பங்களோடு நிறையப் பேசியிருக்கிறேன். அதிலிருந்து எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒன்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்: அங்கே இருக்கும் நாட்களில் ஒருவர் முழுக்கத் தாள் வேலையைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் முழுக்கக் குழந்தையைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் இரண்டையும் பார்த்தால் இரண்டும் கெடும்.

முதலில் சட்டம், சுருக்கமாக. இந்தியாவில் 2021 ஆம் ஆண்டு வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது, காசு கொடுத்து வாடகைத்தாய் அமர்த்துவது இங்கே குற்றம். வெளிநாட்டில் செய்யப்போகிறீர்கள் என்றால் உங்கள் குடியுரிமைக்கும் வசிக்கும் நாட்டுக்கும் எது பொருந்தும் என்று ஒரு வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் கரு வைப்பதற்கு முன்பே. போகும் நாட்டின் சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. தாய்லாந்து 2015 இல் வெளிநாட்டவருக்கு மூடியது. இத்தாலி 2024 இல் தன் குடிமக்கள் வெளிநாட்டில் செய்தாலும் குற்றம் என்று சட்டம் போட்டது.

படி 1: குழந்தை எந்த பாஸ்போர்ட்டில் பறக்கும்?

இதை முடிவு செய்யாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். 2008 இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் இந்திய வாடகைத்தாய் மூலம் ஒரு ஜெர்மன் தம்பதிக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகள், எந்த நாட்டின் குடியுரிமையும் உறுதியாகாமல் 2010 வரை இந்தியாவிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அதே ஊரில் பிறந்த ஜப்பானியத் தம்பதியின் குழந்தை மாஞ்சி விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் பாட்டிதான் கூட்டிக்கொண்டு போனார். அன்று இந்தியாவுக்கு வந்தவர்களுக்கு நடந்தது இன்று வெளியே போகும் நமக்கும் நடக்கலாம்.

இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால், வெளிநாட்டில் பிறந்த குழந்தை 1955 ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி வம்சாவளிக் குடியுரிமை பெறலாம். ஆனால் அது தானாக வராது. பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழியும் தர வேண்டும். அந்தப் பதிவுக்குப் பிறகுதான் இந்திய பாஸ்போர்ட். ஜார்ஜியா போன்ற நாட்டில், அங்கே பிறந்ததற்காக மட்டும் குடியுரிமை கிடைக்காது, ஆகவே பெரும்பாலும் இந்த வழிதான். ஒரு விஷயம் கவனியுங்கள், ஜார்ஜியாவுக்கான இந்தியத் தூதரகப் பொறுப்பை நீண்ட காலம் ஆர்மேனியாவின் எரவானில் உள்ள தூதரகம்தான் பார்த்துவந்தது. நீங்கள் போகும் நாட்டுக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, நேரில் வரச் சொல்வார்களா, கூரியரில் முடியுமா, டிஎன்ஏ சோதனை கேட்பார்களா, இதையெல்லாம் கர்ப்பத்தின் ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கதை வேறு. அங்கே பிறந்தாலே அந்த நாட்டுக் குடியுரிமை என்பதுதான் நெடுநாள் வழக்கம். அமெரிக்காவில் இதை மாற்ற 2025 இல் ஆணை போட்டு, அது நீதிமன்றத்துக்குப் போனது, ஆகவே இப்போதைய நிலையை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் அந்த ஊர் பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொண்டு, இந்திய விசாவில் குழந்தையை அழைத்து வந்து, பிறகு ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் இங்கே நீண்ட காலம் இருக்க உதவும் அட்டை) விண்ணப்பிக்கிறார்கள். அந்த பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டால் தூதரகப் பதிவு மூலம் வம்சாவளிக் குடியுரிமை வேண்டும் என்று பிறகு கேட்க முடியாது, இரட்டைக் குடியுரிமையை நம் சட்டம் ஏற்பதில்லை. யோசித்து முடிவு செய்யுங்கள்.

இனி நம்மூருக்கே உரிய விஷயம். புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள்) உட்பட. பிரான்சின் சிவில் சட்டம் 16-7 ஆம் பிரிவு வாடகைத்தாய் ஒப்பந்தம் செல்லாது என்று 1994 முதல் சொல்லிவருகிறது. ஆனாலும் பிறந்த குழந்தையின் உரிமை தனி. 2014 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மென்னெசோன் வழக்கில் குழந்தைகள் பக்கம் நின்றது. 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான கசாசியோன் நீதிமன்றம், வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பு மூலம் உறுதியான பெற்றோர் உறவைச் சில நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது 'நீதிமன்றத் தீர்ப்பு' என்பதை. கலிஃபோர்னியாவிலும் கனடாவின் பல மாகாணங்களிலும் தீர்ப்பு வாங்க முடியும், ஜார்ஜியாவில் பிறப்புச் சான்றிதழில் நேராகப் பெற்றோர் பெயர் வரும், தீர்ப்பு என்று ஒன்று இருக்காது. பிரெஞ்சு தாள் வைத்திருப்பவர்கள் நாட்டைத் தேர்வு செய்யும்போதே இதைப் பிரெஞ்சு வக்கீலிடம் கேட்க வேண்டும். மரீன் வீதி கான்சுலேட்டில் போய் நின்றால் முடியும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், குழந்தை பிறக்கும் நாட்டில் இருக்கும் பிரெஞ்சு தூதரகத்தைத்தான் நீங்கள் அணுக வேண்டியிருக்கும்.

படி 2: பெயரும் தலைப்பெழுத்தும்

வேடிக்கை இல்லை, எங்களோடு பேசிய குடும்பங்களில் அதிக நாள் இழுத்தடித்தது இதுதான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அம்மா பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கும், திருமணச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல் இருக்கும். வெளிநாட்டு அலுவலருக்கு இந்த மூன்றும் மூன்று ஆட்களாகத் தெரியும். கிளம்புவதற்கு முன்பே எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று ஆங்கிலத்தில் போட்டு வாங்குங்கள்.

ஜார்ஜியாவில் பிறப்புச் சான்றிதழ் அவர்கள் எழுத்தில் வரும், பிறகு மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றுவார். நம் பெயர் தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து ஜார்ஜிய எழுத்து, அங்கிருந்து மறுபடி ஆங்கிலம் என்று சுற்றி வருவதற்குள் உருமாறிப்போகும், அதுவும் பெயரில் 'ழ' இருந்தால் கேட்கவே வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ்போர்ட் நகலைக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முத்திரை வைக்கச் சொல்லுங்கள். அப்போஸ்டில் முத்திரை (தாள் வேறு நாட்டிலும் செல்லும் என்று அரசு வைக்கும் சான்று) விழுந்த பிறகு ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைக்கும் வீடுகளுக்கு ஒன்று. பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் ஓரிரு நாளில் வேண்டும், பெயர் சூட்டு விழா வரை காத்திருக்க முடியாது. பிறந்த நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி ஜோசியரிடம் சொன்னால் நட்சத்திரமும் ராசியும் சரியாக வரும், லக்னத்துக்கு மட்டும் பிறந்த ஊரின் பெயரும் அங்கத்திய நேரமும் வேண்டும். திபிலீசி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். முதலெழுத்து எதுவாக வந்தாலும் பயன்படும்படி நாலைந்து பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

படி 3: கிளம்புமுன் வீடு, பணம், காப்பீடு

சொன்ன தேதிக்குப் பிள்ளை வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒற்றைக் குழந்தை என்றால் 37 வாரம் நெருங்கும்போதே ஒருவராவது அங்கே இருப்பது நல்லது. இரட்டை என்றால் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன, அதற்கேற்ப முன்னாடியே போங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். உங்கள் விசா எத்தனை நாள் என்பதையும் கணக்கில் வையுங்கள், பாஸ்போர்ட் தாமதமானால் நீட்டிக்க முடியுமா என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டல் வேண்டாம், சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். பார்க்க வேண்டியவை: லிஃப்ட் இருக்கிறதா, வெந்நீர் எப்போதும் வருமா, துணி துவைக்கும் எந்திரம் உள்ளே இருக்கிறதா, மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், கீழே மருந்துக்கடை உண்டா. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த நமக்குக் குளிர்கால திபிலீசி எப்படியிருக்கும் என்று கற்பனையே வராது, ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று படத்தில் பார்க்காமல் வீடியோ அழைப்பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குக்கர், சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, பூண்டு ஊறுகாய் இதெல்லாம் எடுத்துப் போங்கள். மிக்சி, எலெக்ட்ரிக் குக்கர் ஜார்ஜியாவில் ஓடும், அங்கே நம்மூர் போலவே 220-230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட்தான், நம் சாமான் அங்கே ஒழுங்காக ஓடாது, அங்கேயே வாங்குவதுதான் வழி.

பணத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. குழந்தை குறைப்பிரசவமாக வந்து என்.ஐ.சி.யூ-வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) வைக்க நேர்ந்தால் அமெரிக்காவில் ஒரு நாள் செலவே ஆயிரக்கணக்கான டாலர். உங்கள் பயணக் காப்பீடு பிறந்த குழந்தையைப் பெரும்பாலும் சேர்க்காது, வாடகைத்தாயின் காப்பீடும் சேர்க்காது. பச்சைக்குழந்தைக்குத் தனியாக ஒரு பாலிசி இருக்கிறதா என்று பிறக்கும் முன்பே விசாரியுங்கள். இரண்டு வெவ்வேறு வங்கிகளின் அட்டைகள், ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, தினசரி வரம்பை உயர்த்தி வைத்திருப்பது, இவை அவசியம்.

எல்லாம் திட்டப்படி நடந்தாலும் உலகம் நடக்க விடாமல் போகலாம். 2020 மே மாதம் ஊரடங்கின்போது உக்ரைனின் கீவ் நகர ஓட்டல் ஒன்றில், பெற்றோர் வர முடியாமல் 46 குழந்தைகள் வரிசையாகத் தொட்டிலில் கிடந்த காட்சியை உலகமே பார்த்தது. அதனால் உங்களில் ஒருவருக்கு வர முடியாமல் போனால் யார் போவார்கள் என்று தீர்மானித்து, அவருக்குப் பாஸ்போர்ட்டும் அதிகாரப் பத்திரமும் தயாராக வைத்திருங்கள்.

படி 4: மருத்துவமனையில்

குழந்தையை முதலில் யார் கையில் கொடுப்பார்கள், நீங்கள் தங்க அறை உண்டா, அடையாளப் பட்டையை யார் கையில் கட்டுவார்கள் என்பதையெல்லாம் மருத்துவமனையோடு எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறந்ததும் சட்டை இல்லாத மார்பில் குழந்தையைப் போட்டுக்கொள்வதை அம்மாவும் செய்யலாம், அப்பாவும் செய்யலாம், குழந்தையின் சூட்டுக்கும் மூச்சுக்கும் அது நல்லது. ஹெபடைட்டிஸ் பி முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் போட்டார்களா, குதிகால் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா, காது கேட்கிறதா என்று பார்த்தார்களா என்று கேட்டு எல்லாவற்றையும் தாளில் வாங்குங்கள். அமெரிக்காவில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட மாட்டார்கள், ஊருக்கு வந்த பிறகு போட வேண்டும்.

கார் சீட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் வருவோம். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் கார் சீட் சட்டப்படி கட்டாயம், முகம் பின்பக்கம் பார்க்கும்படி கட்ட வேண்டும். தடித்த குளிர்ச்சட்டையோடு வாரைக் கட்டாதீர்கள், வார் தளர்ந்துவிடும், கட்டிய பிறகு மேலே போர்வையைப் போடுங்கள்.

படி 5: வாடகை வீட்டில் அந்த நாட்கள்

இப்போது ஆளுக்கு ஒரு வேலை. தாள் வேலைக்காரர் காலையில் கிளம்பிவிடுவார். ஜார்ஜியாவில் பிறப்புச் சான்றிதழ், அப்போஸ்டில் இரண்டும் பொதுச் சேவை மண்டபத்தில்தான், பிறகு மொழிபெயர்ப்பு, அப்புறம் தூதரக விண்ணப்பம், புகைப்படம். குழந்தையின் பாஸ்போர்ட் படத்துக்கு வெள்ளைத் துணி விரித்து அதில் படுக்க வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து எடுங்கள், பால் குடித்து விழித்திருக்கும் நேரம் பார்த்து. சான்றிதழின் மூலப்பிரதியை ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள். தினமும் மாலையில் எந்தத் தாள் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், தூக்கமில்லாத மூளையை நம்ப முடியாது.

குழந்தை வேலைக்காரருக்குப் பால்தான் முதல் வேலை. பச்சைக்குழந்தைக்கான ஃபார்முலா பால் பவுடர் கலக்கும்போது உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது: தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள், அதாவது அரை மணி நேரத்துக்குள், பவுடரைக் கலக்க வேண்டும், பிறகு ஓடும் தண்ணீரில் காட்டி ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். கலக்கிய பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள். தண்ணீரை அதிகமாக ஊற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும், இரவும் சேர்த்து. ஊரிலிருந்து பாலாடை (பால் புகட்டும் சின்னக் கிண்ணம்) எடுத்துப் போனால் பாட்டிலை ஏற்காத குழந்தைக்கு உதவும், ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். ஒரே நிறுவனத்துப் பவுடரை ஊர் வந்த பிறகும் சில வாரம் கொடுக்கும் அளவுக்கு வாங்கி வாருங்கள், பயணத்தின் நடுவே மாற்றினால் வயிறு கலங்கலாம். தாய்ப்பால் சுரக்க வைக்கும் சிகிச்சையும் இருக்கிறது, விரும்பினால் மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நனைய வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மஞ்சள் காமாலை கூடும் நேரம், மாநிறக் குழந்தைக்கு அது சட்டென்று தெரியாது, பகல் வெளிச்சத்தில் கண்வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். உடல் சூடு 38 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் இருக்காதீர்கள், மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அது நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும் அப்படியே.

தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள், தனித் தொட்டிலில், தலையணை இல்லாமல். குளிருக்குப் பயந்து நாலு போர்வையால் மூட வேண்டாம், நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதல் போதும். வீடியோ அழைப்பில் பாட்டி தேன் தொட்டு வை, வசம்பு உரைத்துக் கொடு, கண்ணுக்கு மை வை என்பார். அன்பில் சொல்கிறார், ஆனாலும் தேன் ஒரு வயது வரை ஆபத்து, தண்ணீரும் உரை மருந்தும் ஆறு மாதம் வரை வேண்டாம், மையில் ஈயம் கலந்திருக்கலாம். 'டாக்டர் சொல்லியிருக்கிறார் அத்தே' என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், சண்டை வேண்டாம்.

அம்மாவைப் பற்றி. பிரசவ வலி இல்லை, அதனால் இவளுக்கு ஓய்வு தேவையில்லை என்று வீட்டிலேயே நினைப்பார்கள், அவளும் அப்படித்தான் நினைப்பாள். தூக்கமின்மைக்கு யார் பெற்றார்கள் என்ற கணக்கு கிடையாது. எத்தனையோ வருட ஏக்கத்துக்குப் பிறகு குழந்தை கையில் வந்தும் மனசு வெறுமையாக இருப்பது, 'இது என் பிள்ளைதானா' என்று பயம் வருவது நடக்கிற விஷயம், அப்பாவுக்கும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தொலைபேசியிலாவது தமிழ் பேசும் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். முடிந்தால் அம்மாவையோ மாமியாரையோ கூட அழைத்துப் போங்கள், ஒரு இரவு முழுதாகத் தூங்கினால் உலகமே வேறாகத் தெரியும்.

பெற்றுக் கொடுத்தவரை மறக்கக் கூடாது. அவர் அறுவைச் சிகிச்சையிலிருந்தோ பிரசவத்திலிருந்தோ தேறிக்கொண்டிருப்பார். அவர் விரும்பினால் போய்ப் பாருங்கள், குழந்தையைக் காட்டுங்கள், அவர் விரும்பினால் மட்டும் படம் எடுங்கள். ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியது பாக்கி இருந்தால் கிளம்பும் முன் தீர்த்துவிடுங்கள், அவர் பக்கத்து மருத்துவச் செலவு உட்பட. இதில் ஏஜென்சி சொல்வதை மட்டும் நம்பாமல் நேராகக் கேளுங்கள்.

படி 6: விமானம்

பல விமான நிறுவனங்கள் ஏழு நாள் ஆன குழந்தையை ஏற்கின்றன, சில 14 நாள் கேட்கின்றன, மருத்துவர் கடிதமும் கேட்கலாம். பாஸ்போர்ட் வரவே அதற்கு மேல் ஆகும் என்றாலும் குறைப்பிரசவக் குழந்தைக்கு மருத்துவர் சரி என்ற பிறகே டிக்கெட் போடுங்கள். முன்வரிசைத் தொட்டில் இருக்கையை அழைத்துப் பேசி உறுதி செய்யுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது அடைப்பு குறையும். குழந்தைப் பாலுக்கும் தண்ணீருக்கும் 100 மில்லி கட்டுப்பாட்டில் பொதுவாக விலக்கு உண்டு, சோதனையில் எடுத்துக் காட்டுங்கள். துபாய், ஷார்ஜா, தோஹா வழியாக வருவதானால் நடுவில் நாலைந்து மணி நேரம் இருக்கும்படி பாருங்கள், ஓடிப் பிடிக்கும் இணைப்பு வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், ஒப்பந்தம், தீர்ப்பு இருந்தால் தீர்ப்பு, தூதரகப் பதிவு, இவற்றின் மூலப்பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள்.

படி 7: சென்னையிலிருந்து வீடு வரை, அப்புறம்

மீனம்பாக்கத்தில் இறங்கி ஈசிஆர் வழியாகப் புதுச்சேரிக்கு மூன்று மணி நேரம், கடலூர் என்றால் இன்னும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நள்ளிரவில் இறங்கினால் விமான நிலையம் பக்கத்திலேயே தூங்கிவிட்டு விடிந்த பிறகு கிளம்புங்கள். கார் சீட்டை எடுத்து வந்திருந்தால் அதையே கட்டுங்கள், மாமல்லபுரத்திலும் மரக்காணத்திலும் நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்துப் பால் கொடுங்கள்.

முதல் வாரத்திலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் போனால் விடுபட்டதை அவர் சொல்வார், பி.சி.ஜி. ஒரு வயது வரை போடலாம், ஆறாம் வாரத்து ஊசிகளைத் தள்ளிப்போட வேண்டாம். சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள், சளி இருமல் உள்ளவர்கள் இப்போது வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். 'பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில்' என்று தெருவே கேட்கும். இரண்டு பேரும் முன்பே பேசி ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள், பொய்யாக இருக்க வேண்டாம், முழு விவரமாகவும் இருக்க வேண்டாம். பிள்ளைக்கு மட்டும் உண்மையைச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளருங்கள், வேறொருவர் வாயிலிருந்து தெரிய விடாதீர்கள்.

இந்தியத் தூதரகத்தில் பிறப்பு பதிவாகியிருந்தால் அந்தச் சான்றிதழ்தான் இனிமேல் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஏதோ காரணத்தால் அது நடக்காமல் இங்கே குடியேற வந்துவிட்டீர்கள் என்றால், 1969 ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20 ஆம் பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் ஊர் வந்த 60 நாளுக்குள் பதிவாளரிடம் போக வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் கூடுதல் நடைமுறை. எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, மூலப்பிரதிகளை வங்கி லாக்கரில் வையுங்கள், பள்ளியில் சேர்க்கும்போதும் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் மறுபடி கேட்பார்கள்.